கவுண்டிக்கு ஒன்று போதுமா? டெக்சாஸ் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஹூஸ்டனில் ஓட்டுரிமை உள்ள தமிழன் எழுதுகிறேன். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் 2020 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரவு நினைவுக்கு வந்து எரிச்சலூட்டுகிறது. தபால் ஓட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கக் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஓர் இடம்தான் என்றார் ஆளுநர். 254 கவுண்டிக்கும் ஒரே அளவு! அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் இருந்தவர்கள் 64 பேர். எங்கள் ஹாரிஸில் 47 லட்சம். குழந்தைகளையும் குடியுரிமை இல்லாதவர்களையும் கழித்தாலும், பதிவு செய்த வாக்காளர்களே 24 லட்சத்துக்கு மேல்.

டெக்சாஸில் தபால் ஓட்டு யாருக்குக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பெரும்பாலும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், உடல் முடியாதவர்கள். கொரோனாக் காலம் வேறு. ஹாரிஸ் திறந்திருந்த 12 இடங்களில் 11 மூடப்பட்டன. மிஞ்சியது ஹூஸ்டனில் உள்ள என்ஆர்ஜி அரீனா என்ற அரங்கம் ஒன்றுதான். பேடவுனில் இருக்கும் ஒரு பாட்டி அங்கே வர ஏறக்குறைய 30 மைல். கார் ஓட்டுவதை எப்போதோ விட்டிருப்பார். பஸ்ஸும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மகனோ மகளோ லீவு போட்டு, 10-ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து கூட்டிவர வேண்டும். உறையைக் கொடுக்க இரண்டு நிமிடம், போய்வர அரை நாள். தபாலிலேயே அனுப்பலாமே என்பீர்கள். அந்த வருஷம் தபால் ஓடிய லட்சணம் ஊரறிந்தது. ஓட்டின் பாதுகாப்புக்காக என்றார்கள். சரி, அந்த 12 இடங்களிலும் அடையாள அட்டையைப் பார்த்துத்தானே வாங்கினார்கள்?

உங்களுக்குத் தலைக்கணக்கு தெரியாது என்று சொல்ல மாட்டேன். 35 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டியில் தேர்தல் நிர்வாகி பதவியே கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டீர்கள். அந்த வரம்பில் சிக்கியது ஹாரிஸ் ஒன்றுதான். பறிப்பதற்கு மட்டும் எண்ணிக்கை துல்லியமாகக் கண்ணில் படுகிறது. காரில் இருந்தபடியே ஓட்டுப் போடும் வசதியை 2021-இல் தடை செய்தது தனிக் கதை. அப்புறம் பேசலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். வாக்காளர் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்து இடங்களை ஒதுக்குங்கள். லவிங்குக்கு ஒன்று தாராளம். ஹாரிஸுக்கும் டாலஸுக்கும் எத்தனை தேவை என்பதை அந்தந்தக் கவுண்டியே தீர்மானிக்கட்டும். அடுத்த கூட்டத்தொடரில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாரிஸ் கவுண்டி வாக்காளன்