நின்றுபோன இருதயத்துக்கு ஐஸ் முதலுதவி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரின் மார்பிலும் தலையிலும் ஐஸ் கட்டி வைத்தால் உயிர் பிழைத்துக்கொள்வார், பெரிய மருத்துவமனைகளிலேயே அப்படித்தான் செய்கிறார்கள் என்றொரு தகவல் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை.

இருதயம் நின்று, மறுபடி துடிக்கத் தொடங்கி, ஆனால் நினைவு திரும்பாத நோயாளிகளின் உடலை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் மூளை தப்பும் வாய்ப்பு கூடுகிறது என்று 2002-ல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. குளிர்விப்பு மருத்துவமனைகளுக்குள் பரவியது அப்படித்தான். மீண்டும் துடிக்கத் தொடங்கிய இருதயத்துக்குப் பிறகு செய்யும் வேலை அது. நின்றுபோன இருதயத்தைக் கிளப்பும் வேலை அல்ல.

குளிர் இருதயத் துடிப்பை என்ன செய்கிறது? 33 டிகிரியில் நாடி நிமிடத்துக்கு 40, 50 என்று இறங்கும். இரத்த அழுத்தம் தாங்கினால் மருத்துவர்கள் அதைத் தொடுவதில்லை. 32-க்குக் கீழே மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். 28-க்குக் கீழே போனால் கீழறைகள் வெறுமனே நடுங்கும் நிலை, அதாவது இரத்தமே வெளியேறாத நிலை, எந்நேரமும் வரலாம். நோயாளியை முரட்டுத்தனமாகப் புரட்டினாலே போதும். இருதயச் செல்கள் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்னூட்டத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குளிரில் அந்த வேலை மந்தமாகிறது, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. ஓர் இடம் தயாராகி மற்றோர் இடம் தயாராகாமல் இருக்கும்போது மின்னோட்டம் வழிதவறிச் சுழலும். போதாக்குறைக்கு, குளிரும்போது இரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுகிறது. சூடேற்றும்போது திரும்பி வெளியே வருகிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் இம்முறை பொட்டாசியம் மிகுந்து துடிப்பு கெடும். அதனால்தான் மணிக்கு கால் முதல் அரை டிகிரி என்ற கணக்கில் ஏற்றுகிறார்கள்.

மருத்துவமனைகளிலும் இன்று பழைய உற்சாகம் இல்லை. சுமார் 1,900 நோயாளிகளை வைத்து நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. இரத்த ஓட்டத்தைக் குலைக்கும் துடிப்புக் கோளாறோ அவர்களில் 24 விழுக்காட்டினருக்கு வந்தது, மற்றவர்களில் 17. அமெரிக்காவின் சியாட்டல் பகுதியில் ஆம்புலன்சிலேயே குளிர்ந்த உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். வழியிலேயே இருதயம் மறுபடி நின்றது 26 விழுக்காட்டினருக்கு, ஏற்றாதவர்களில் 21. இப்போது பெரும்பாலும் உடல் வெப்பம் 37.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதிலேயே கவனம்.

தோட்டத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு ஏங்குகிறார் என்றால் 999-ஐ அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஐஸ் தேடி ஓடும் நேரத்தில் மூளைக்கு இரத்தம் போவதில்லை. ஐஸ் உருகிய மார்பில், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஏ.இ.டி. கருவியின் ஒட்டுகள் பிடிக்காது. மின்சாரம் இருதயத்துக்குள் போகாமல் ஈரத்தோலின் மேலேயே ஓடிவிடும்.

வெப்பவாதம் வேறு கதை. செம்பனைக் குலை வெட்டுபவர் நண்பகலில் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடல் கொதிக்கிறது, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் குளிர்விப்பதுதான் முதல் வேலை. உள்வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி, கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமர்த்தி, தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வெப்பம் 39-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடலாம். நடுவில் மூச்சு நின்றால் நீரிலிருந்து தூக்கி, மார்பைத் துடைத்து, அழுத்தத் தொடங்குங்கள்.

வெப்பத்தைத் தணிப்பது துடிப்பைக் காப்பாற்றும் இன்னோர் இடமும் உண்டு. புருகாடா எனும் பரம்பரைக் கோளாறு தென்கிழக்காசிய ஆண்களிடம் மற்ற பகுதிகளைவிட அதிகம். தூக்கத்திலேயே இருதயம் நின்றுபோவதற்கு அது ஒரு காரணம். காய்ச்சல் அதைத் தூண்டிவிடும். குடும்பத்தில் இளவயதில் அப்படி இறந்தவர் இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், கோளாறு உறுதியானவர்கள் காய்ச்சல் தொடங்கியதுமே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏ.இ.டி. பெட்டிக்குள் உலர்ந்த துண்டு ஒன்றும் சவரக்கத்தி ஒன்றும் போட்டு வையுங்கள். வியர்த்த மார்பிலும் மயிரடர்ந்த மார்பிலும் ஒட்டு நிற்காது. ஒட்டுகளின் காலாவதித் தேதியைப் பார்க்க ஓர் ஆளையும் நியமியுங்கள். பெட்டியைப் பூட்டி, சாவியை மேலாளர் வீட்டில் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்றுநர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.