பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு

2018 நவம்பர். இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழாவது மாதம். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது போனில் கலிஃபோர்னியா காட்டுத்தீயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எரிந்த ஊரின் பெயர் பாரடைஸ். சொர்க்கம் என்று பொருள், பாருங்கள். 8ஆம் தேதி காலையில் கிளம்பிய தீ சில மணி நேரத்தில் ஊரையே தின்றுவிட்டது. கடைசிக் கணக்கில் அந்தத் தீக்கு 85 பேர் பலி.

அங்கிருந்த மருத்துவமனையையும் அவசரமாகக் காலி செய்தார்கள். சில மணி நேரம் முன்புதான் சிசேரியனில் பிள்ளை பெற்ற ஒரு பெண், கைக்குழந்தையோடு காரில், நெருப்புக்கு நடுவே நெரிசலில் மாட்டிக்கொண்டார். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கை நடுங்கியது, கண் இருட்டியது.

பக்கத்து நாற்காலியில் இருந்த நீங்கள் போனை மெதுவாக வாங்கிக்கொண்டீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். "முதல் பிள்ளையா?" என்றீர்கள். இரண்டாவது என்றதும், வயிற்றில் இருப்பதை விட்டுவிட்டு மூத்தவனைப் பற்றித்தான் கேட்டீர்கள். அவன் தினமும் என் தொப்புளில் வாய் வைத்துத் தம்பியைக் கூப்பிடுவதைச் சொல்லிச் சிரித்தேன். (பிறந்தது தங்கை.)

அப்புறம் போனைத் திருப்பித் தந்தீர்கள். "ரெண்டு பேரும் தப்பிச்சிட்டாங்கம்மா. முழுசா படிச்சிருக்கலாமே."

எனக்காக மீதியைப் படித்திருக்கிறீர்கள்! அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது உங்கள் நாற்காலி காலி. அன்று சொல்லாமல் விட்ட நன்றி இது, அக்கா.