வீட்டுத் தரையைப் பற்றி மகனுக்கு

அம்பாசமுத்திரம்

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். நீயும் மீனாவும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள். புது வீட்டில் உள்பூச்சு முடிந்துவிட்டது, சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தது தரைதான். போனில் பேசினால் பாதிப் பேச்சில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். மீனாவும் கூட இருக்கும்போது படி.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நாலுக்கு ரெண்டு அளவு டைல்ஸ், வெள்ளை வெளேரென்று, நடுவில் சாம்பல் நரம்பு ஓடி, முகம் தெரிகிற பளபளப்போடு. அழகுதான். ஆனால் அந்தத் தரையில் யார் நடக்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும் இல்லையா? வருஷத்தில் முக்கால்வாசி நாள் அப்பாவும் நானும். அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். லீவுக்கு நீங்கள் வந்தால் குட்டி பாத்ரூமில் இருந்து ஈரக்காலோடு ஓடி வருவாள். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வழக்கத்தை நான் விடப் போவதில்லை. பாலிஷ் டைல்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்த பிறகுதான் தெரியும். இந்த வயதில் ஒரு தடவை விழுந்தால் அது ஆறு மாதப் படுக்கை. அதனால் உள்ளே பளபளப்பு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தரைக்கு ஒரு லட்சம் என்று நீ ஒதுக்கியிருக்கிறாய். அந்தப் பணத்தை டைல்ஸின் முகத்துக்குக் கொடுப்பதைவிட அதற்கு அடியில் போகிற வேலைக்குக் கொடு என்பதுதான் நான் சொல்ல வருவது. போன கோடையில் நம் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். விலை கூடின விட்ரிஃபைடு டைல்ஸ்தான் போட்டிருந்தார்கள், அதாவது அதிகச் சூட்டில் சுட்டுக் கண்ணாடி மாதிரி இறுக வைத்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், ஹாலில் டமார் என்று ஒரு சத்தம். சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து நாங்கள் எல்லாரும் ஓடினோம். போய்ப் பார்த்தால் ஹால் நடுவில் நாலைந்து டைல்ஸ் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு ஓட்டுக்கூரை மாதிரி மேலே தூக்கி நின்றது. ஒன்றைக் கையால் எடுத்தேன், சுலபமாக வந்துவிட்டது. பின்பக்கம் துளி சிமெண்ட் ஒட்டவில்லை, துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்திருந்தார்கள். வெயிலில் டைல்ஸ் ஒரு மயிரிழை விரியும். விரிய இடமும் இல்லை, அடியில் பிடிப்பும் இல்லை என்றால் அது மேலேதானே எழும்பும்?

இதன் காரணம் டைல்ஸ் கடையிலேயே புரிந்தது. அங்கே செராமிக் டைல்ஸ் ஒன்றையும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்றையும் குப்புறப் போட்டு, இரண்டின் முதுகிலும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். செராமிக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிக் கறுத்துப்போனது. விட்ரிஃபைடில் தண்ணீர் அப்படியே முத்து முத்தாக நின்றது. அது உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் கறை பிடிக்காமல் உழைக்கிறது. ஆனால் அதே காரணத்தால் பழைய முறையில் சிமெண்ட் பால் ஊற்றிப் பதித்தால் அதற்குப் பிடிப்பு வராது. அதற்கென்று டைல் அடெசிவ் இருக்கிறது, 20 கிலோ மூட்டையில் வரும், பல் வைத்த கரண்டியால் பரப்பி ஒட்ட வேண்டும். ஒரு மூட்டை 40 முதல் 50 சதுர அடி வரை காணும். நம் கொத்தனார் முதலில் "எதற்கம்மா வீண் செலவு, நான் போட்ட தரை எதுவும் கிளம்பினதில்லை" என்றார். அந்த வீட்டு டைல்ஸின் முதுகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சம்மதித்துவிட்டார்.

சரி, உள்ளே என்ன போடலாம்? கடைக்காரர் முதலில் டபுள் சார்ஜ் என்பதைக் காட்டினார். அதில் நிறம் மேலாக அச்சடித்தது இல்லை, மூன்று நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும், எத்தனை பேர் நடந்தாலும் தேயாது. ஆனால் அது பெரும்பாலும் பாலிஷ் போட்டுத்தான் வருகிறது. ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது சரி. நாலு பேர் நடக்கிற வீட்டுக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை, வழுக்காமல் இருந்தால் போதும். அதனால் ரெண்டுக்கு ரெண்டு அளவில், மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போட்ட விட்ரிஃபைடு, அதிலும் பளபளப்பு இல்லாத மேட் வகை பார்த்து வைத்திருக்கிறேன். மேட்டிலும் ரொம்பச் சொரசொரப்பானது வேண்டாம், அழுக்கு உட்கார்ந்துகொள்ளும், துடைத்து மாளாது. சாட்டின் என்று சொல்கிறார்கள், தடவினால் வழவழப்பு, ஆனால் வெளிச்சம் அடிக்காது. ஈரக் கையைத் தேய்த்துப் பார்த்தேன், பிடிப்பு இருக்கிறது. மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் துணியால் துடைக்கச் சொன்னேன், தடம் இல்லை. இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்தேன், வளைவு இல்லை.

நிறம் மட்டும் வெள்ளை கேட்காதே. வெள்ளையில் தலைமுடியும் தூசியும் ஒவ்வொன்றாகத் தெரியும், கறுப்பில் உப்புத்தண்ணீர்க் கறை தெரியும். ஆற்று மணல் நிறத்தில் லேசாகப் புள்ளி விழுந்த ஒன்று இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

கணக்கையும் போட்டுவிட்டேன். ஹால் 14-க்கு 18, படுக்கையறை இரண்டும் 11-க்கு 12, அடுக்களை 9-க்கு 10. மொத்தம் 606 சதுர அடி. வெட்டுச் சேதாரம் ஏழு சதவீதம் சேர்த்தால் 648. பெட்டிக்கு நாலு டைல்ஸ், 15.5 சதுர அடி. அப்படியானால் 42 பெட்டி. சுவரோரம் நாலு அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு நாலு பெட்டி. அப்புறம் ஒரு பெட்டி பரணில் போட்டு வைக்க. ஆக 47. சதுர அடி 55 ரூபாய் என்று ஜிஎஸ்டி சேர்த்துப் பேசியிருக்கிறேன். முதலில் சொன்ன விலையில் வரி இல்லை. பில் போடும்போது 18 சதவீதம் ஏறும், அதனால் எந்தக் கடையிலும் முதல் கேள்வியே அதுதான். டைல்ஸ் 40,000 ரூபாய் சொச்சம் ஆகும். நீ அனுப்பிய நாலுக்கு ரெண்டு இங்கே 85 ரூபாய். சேதாரமும் கூட, பெரிய டைல்ஸ் என்பதால் பதிக்கிற கூலியும் கூட. டைல்ஸில் மட்டும் ஏறக்குறைய 25,000 வித்தியாசம். அடெசிவும் கூலியும் அந்தப் பணத்திலேயே வந்துவிடும்.

பரணில் ஒரு பெட்டி வைப்பதைக் கஞ்சத்தனம் பார்த்து விட்டுவிடாதே. பெட்டி மேல் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சடித்திருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு பொட்டு மாறும். நாளைக்கு ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் எங்கும் கிடைக்காது. 47 பெட்டியும் ஒரே எண்ணா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே அப்பா பார்த்துக்கொள்வார்.

பாத்ரூம் தரைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு அளவில் ஆன்டி ஸ்கிட், அதாவது வழுக்காத வகை டைல்ஸ். பெரிய டைல்ஸ் போட்டால் வாட்டம் கொடுக்க முடியாது, மூலையில் தண்ணீர் தேங்கும். சின்னதாக இருந்தால் நாலு பக்கமிருந்தும் ஓட்டைக்கு வாட்டம் இறக்கலாம், இணைப்புகள் நிறைய இருப்பதால் காலுக்கும் பிடி கிடைக்கும். வழுக்காத தன்மைக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை எண் போடுகிறார்கள், எண் கூடக் கூட பிடிப்பு அதிகம். ஆர்-11 கேட்டு வாங்கப் போகிறேன். இணைப்புக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், கொஞ்ச நாளில் கறுத்துவிடும். பாத்ரூமுக்கும் அடுக்களைக்கும் எபாக்சி என்கிற பிசின் கலவை போட்டுவிடலாம். டைல்ஸ் பதிக்கும் முன்னால் வாட்டர் புரூஃபிங் அடித்து, ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆச்சி வீட்டுத் தார்சாவில் இருந்த சிவப்புத் தரை போடலாமா என்று நீ கேட்டிருந்தாய். அந்தக் குளிர்ச்சிக்கு எந்த டைல்ஸும் ஈடில்லை, எனக்கும் ஆசைதான். சாமான் விலை ரொம்பக் குறைவு, சிமெண்டும் சிவப்பு ஆக்சைடு பொடியும்தான். எல்லாம் கை வேலை. ஒரு அறையை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும், இல்லையென்றால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். கரணையால் இழைத்து இழைத்துப் பளபளப்பு வர வேண்டும், பிறகு பல நாள் தண்ணீர் கட்டிப் போட வேண்டும். முடி கனத்துக்கு விரிசல் விட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. கைவந்த ஆள் இந்தப் பக்கம் இப்போது தேடினாலும் சிரமம். அரைகுறை ஆளை வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

மரம் மாதிரி இருக்கிற லேமினேட் உங்கள் ஊர் ஏசி வீட்டுக்கு நல்லது. நான் விடுகிற தண்ணீருக்கு ஊதிவிடும், கரையானும் சும்மா விடாது.

மீனாவுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஆசை என்று தெரியும். அதை முன் வராந்தாவில் போட்டுவிடலாம். 60 சதுர அடிதான், கை கடிக்காது. காரைக்குடி பக்கம் போனபோது செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதில் வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு நிறமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் காய்ந்த கலவை, அப்புறம் ஈரக் கலவை, பிறகு தண்ணீர்த் தொட்டி. சூளையே கிடையாது. கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போது முகம் அவ்வளவு மழமழப்பு. நடக்க நடக்க மெருகு ஏறும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். பூஜை அறையில் போடலாம் என்றாள் மீனா. அங்கே வேண்டாம் என்று சொல். சிமெண்ட் என்பதால் மஞ்சளும் குங்குமமும் இறங்கினால் போகாது, எலுமிச்சம்பழச் சாறு பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். வராந்தாவில் நாலு பேர் கண்ணிலும் படும்.

புறவாசலில் துணி துவைக்கிற இடத்துக்குக் கடப்பாக் கல் போதும். முகத்தைப் பாலிஷ் செய்யாமல் அப்படியே பதித்தால் வழுக்காது, வெயிலும் மழையும் தாங்கும். அது சுண்ணாம்புக் கல் என்பதால் ஆசிட் மட்டும் ஊற்றக் கூடாது, வேலைக்கு வருகிற பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வேலை நடக்கும்போது நான் தினமும் அங்கேதான் இருப்பேன். இடைவெளி விடுவதற்கான இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டை எல்லா இணைப்பிலும் வைக்கிறார்களா, சுவரோரம் கொஞ்சம் இடம் விடுகிறார்களா என்று பார்ப்பேன், அந்த இடத்தை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். ஒட்டிக் காய்ந்த பிறகு ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு குச்சியால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுவேன். அடியில் காலியாக இருந்தால் சத்தம் பொள்ளென்று வரும், நிறைந்திருந்தால் கெட்டியாகக் கேட்கும். பொள்ளென்று வருவதைக் கழற்றி மறுபடி பதிக்க வேண்டும் என்பதைக் கூலி பேசும்போதே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். பெயிண்ட் கடைசிக் கோட்டு அடிக்கும்வரை தரை மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி வைப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் பேச்சு.

நீ சீக்கிரம் பதில் சொல்ல வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொத்தனார் வருகிற திங்கட்கிழமை தரை மட்டம் எடுக்க வருகிறார். விட்ரிஃபைடு டைல்ஸ் ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆத்தங்குடியும் கடப்பாவும் அதைவிட நல்ல தடிமன். எங்கே எது என்று முன்னாலேயே தெரிந்தால்தான் அடியில் கலவையைக் கூட்டியும் குறைத்தும் போட்டு, முடிந்த தரையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடியும். இல்லையென்றால் வாசலுக்கு வாசல் தட்டும், அப்பா அதில்தான் இடறுவார். கதவும் தரையில் உரசும், ஆசாரியைக் கூப்பிட்டு அடியில் இழைக்க வேண்டியிருக்கும்.

அதனால் மணல் நிற மேட் சரியா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். மாதிரி டைல்ஸ் ஒன்று வாங்கி வந்து ஹாலில் ஜன்னல் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். காலையிலும் சாயங்காலமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு வெளிச்சத்திலும் பார். வராந்தாவுக்கு எந்தப் பூ, எந்த நிறம் என்பதை மீனாவே முடிவு செய்யட்டும். ஆத்தங்குடிக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் செய்யவே ஆரம்பிப்பார்கள், அதனால் அதை முதலில் சொல்லச் சொல். முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா