பஞ்சத்துக்கு மழை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தை மழை பொய்த்த கதையாகவே இன்னும் பலர் சொல்கிறார்கள். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பருவமழையைக் கெடுத்தது உண்மைதான். வட சீனாவும் வடகிழக்கு பிரேசிலும் அப்போது வறண்டன. ஆனால் சென்னை மாகாணத்தில் மக்கள் சுருண்டு விழுந்தபோதும் இந்தியத் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதே! வைஸ்ராய் லிட்டன் சந்தையில் தலையிட மறுத்தார். நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு, அரைக் கிலோகூட இல்லை. மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. ஏழை நாடு, பணக்கார நாடு என்ற இன்றைய பிளவை இந்தக் கணக்கை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, நிவாரண வேலைக்கு வந்த அந்தப் பசித்த கைகள் வெட்டியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்