பாட்டும் யாத்திரையும்

ஆசிரியருக்கு,

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். நடக்கும்போது பாடுவதற்காக நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்ததுதான் 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டு. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று தஞ்சை கலெக்டர் தடை போட்டிருந்தார். ஊர் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். ஆயுதமில்லாத யுத்தம் என்று கவிஞர் பாடியது கற்பனை இல்லை, கண்ணெதிரே நடந்த சங்கதி.

என் மகள் இந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறாள். எதற்காக எழுதினார்கள் என்று கேட்டால் விழிக்கிறாள். சரி, அவளைச் சொல்லி என்ன பயன்? பாட்டு தமிழ் வகுப்பில், யாத்திரை வரலாற்று வகுப்பில். இரண்டு ஆசிரியர்களும் கலந்து பேசி ஒரே வாரத்தில் நடத்தலாமே!

ஒரு வாசகர், திருச்சி