மேற்குப் பார்த்த சன்னல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தெங்காவில் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது, மகளும் பேரனும் உன்னோடுதான் இருக்கப் போகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலே புளோக்கின் கீழ்த்தளம்வரை போய் வருகிறார். சின்னவன் வேலை கிடைத்துப் பெர்த்துக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, திரைச்சீலை விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குள் மாட்டிவிட வேண்டும், மெரூன் நிறத்தில் துணி பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். உன் கூடமும் பெரிய அறையும் மேற்குப் பார்த்தவை என்கிறாயே, அதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. சிங்கப்பூரில் நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைதான் வடக்கே இருக்கிறோம். ஜூனில் சூரியன் சற்று வடக்கே தள்ளி இறங்கும், டிசம்பரில் சற்று தெற்கே. மேற்குச் சன்னலுக்கு ஓய்வு தரும் மாதம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் தொடங்கினால் மாலை ஏழு மணிவரை வெயில் உள்ளே அடிக்கும்.

கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை அடர்நிறத் துணி உறிஞ்சி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள துணியென்றால் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். அந்தக் காலத்துக் கடைவீடுகளில் ஐந்தடிப் பாதை ஓரமாக மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? வெயிலை வெளியிலேயே நிறுத்துவதுதான் சரியான வழி. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் நம் இஷ்டத்துக்கு வெளிச்சுவரில் எதையும் மாட்ட முடியாது. அதனால் மெரூன் பிடித்திருந்தால் மெரூனையே வாங்கு, பின்னால் வெள்ளை உள்துணி வைத்துத் தைக்கச் சொல். பகலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றும் தனியாக இருக்கட்டும்.

கம்பியைச் சன்னல் அகலத்துக்குச் சரியாக வாங்காதே. இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருந்தால்தான் திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுசாகத் திறக்கும், ஓரத்தில் வெயிலும் கசியாது. துணி, கம்பி நீளத்தைப்போல இரண்டு மடங்கு வேண்டும். அவ்வளவு துணியின் பாரம் தாங்க நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம் வை, இல்லையென்றால் கம்பி தொய்ந்துவிடும். சன்னலுக்கு மேலே உள்ளது கெட்டியான கான்கிரீட். சாதாரண டிரில் வழுக்கும், ஹேமர் டிரில்தான் வேண்டும். திருகாணிக்காகத் துளையில் செருகும் பிளக் 6 மில்லிமீட்டர் என்றால் டிரில் அலகும் 6 மில்லிமீட்டர். உள்ளே இரும்புக் கம்பி தட்டினால் அழுத்தாமல் இடத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல். கூரையில் ஜிப்சம் பலகைப் பெட்டி அடித்திருந்தால், அந்தப் பலகையில் மட்டும் திருகாணி முடுக்கிப் பாரம் ஏற்றக் கூடாது, பின்னால் மரப்பலகை இருக்க வேண்டும்.

சமையலறைக்குத் துணியே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். அலுமினிய பிளைண்ட்ஸ் போடு, துடைத்தால் போதும். சன்னல் குழிக்குள் பொருத்துவதாக இருந்தால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் கொடு. கைப்பிடியோ கிரில்லோ இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இனிமேல் எழுதுவதை மகளுக்கும் வாசித்துக் காட்டு. உன் பேரன் இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்கிறாய். பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் கயிறு வளையமாகத் தொங்கும் இல்லையா, அதில் கழுத்து மாட்டிப் பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சில நிமிடம் போதும், சத்தமே வராது, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2018 கடைசியிலிருந்து, கடையில் தயாராக வைத்து விற்கும் பிளைண்ட்ஸுக்குக் கயிறில்லாமல் அல்லது கைக்கு எட்டாத கயிறோடு இருக்க வேண்டும் என்று தரநிலை வைத்துவிட்டார்கள். நீயும் கயிறில்லாததையே கேட்டு வாங்கு. விலை கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. வளையச் சங்கிலி உள்ளதுதான் கிடைக்கிறது என்றால், அதை இழுத்துப் பிடிக்கும் கொக்கியைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்காமல் வேலைக்காரரை அனுப்பிவிடாதே. தொட்டிலையும் கட்டிலையும் சன்னல் பக்கம் போடவே வேண்டாம். ஏறி நின்று எட்டிப் பார்க்கும் வயது சீக்கிரம் வந்துவிடும்.

துளை போடும் வேலையை வார நாளில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் வைத்துக்கொள். சத்தம் வரும் வேலைக்குச் சனி, ஞாயிறு அனுமதி இல்லை. எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் நானும் வந்துவிடுகிறேன், அளவு நாடாவும் நீர்மட்டமும் என்னிடம் இருக்கின்றன. கண்ணாடி அகலங்களை மட்டும் குறித்து அனுப்பு. தேக்காவில் துணி எடுக்கச் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உன் தோழி