பேனலோடு பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆலைகளில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். உங்களில் பலர் பழைய மோட்டார் கண்ட்ரோல் பேனலைக் கழற்றிவிட்டு, நெட்வொர்க்கில் பேசும் எம்.சி.சி. (எல்லா மோட்டாரையும் ஓட்டி நிறுத்தும் மையப் பேனல்) போட ஆரம்பித்திருக்கிறீர்கள். நல்ல விஷயம்தான். முன்பெல்லாம் ஒரு மோட்டார் ஓடுகிறதா, நின்றதா, ட்ரிப்பா (கோளாறால் தானாகத் துண்டித்துக்கொண்டதா) என்று தெரியவே தனித்தனி வயர் இழுக்க வேண்டும். இப்போது ஒரே கேபிள் எல்லா ஃபீடரையும், அதாவது ஒவ்வொரு மோட்டாருக்குமான பெட்டியையும், தொட்டுக்கொண்டு போய் ஆலையை இயக்கும் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யில் சேர்கிறது. ஆனால் அது கொண்டுவரும் தகவல், ராத்திரியில் பேனல் முன்னால் நிற்கிற எலக்ட்ரீஷியனுக்குக் கிடைப்பதில்லை.

நைட் ஷிஃப்டில் 15 எச்.பி. பம்ப் ஒன்று ட்ரிப் ஆகிறது என்று வையுங்கள். ஸ்காடா (கண்காணிப்பு) திரையில் சிவப்பாக 'ஃபால்ட்' என்று வரும், அவ்வளவுதான். தம்பி ரீசெட் அமுக்கி ஓட்டிப் பார்ப்பார். மறுபடி ட்ரிப். "தண்ணி நிக்குதுப்பா, எப்படியாவது ஓட்டு" என்று போன் வரும். மறுபடி ரீசெட். விடிந்தால் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருக்கும். இத்தனைக்கும், ஃபீடருக்குள் மோட்டாரைக் காக்கும் ரிலே ட்ரிப் ஆன கணத்திலேயே ஆர் ஃபேஸில் 36 ஆம்பியர், ஒய்யில் 37, பி-யில் பூஜ்யம் என்று குறித்து வைத்திருக்கும். 21 ஆம்பியர் இழுக்க வேண்டிய மோட்டார், ஒரு ஃபேஸ் போனதால் மற்ற இரண்டில் ஒன்றே முக்கால் மடங்கு இழுத்திருக்கிறது. அந்த மூன்று எண் கண்ணில் பட்டிருந்தால் யாரும் ரீசெட்டைத் தொட மாட்டார்கள். நேராக ஃப்யூஸையும் காண்டாக்டர் முனையையும் பார்ப்பார்கள்.

ஏன் கண்ணில் படவில்லை? ரிலேயும் பி.எல்.சி.யும் பேசும் மொழி மோட்பஸ். எந்த எண் அதன் எந்த ரெஜிஸ்டரில் (நினைவக இடத்தில்) இருக்கிறது என்ற பட்டியல் பேனல் செய்தவரிடம் இருக்கிறது. பி.எல்.சி. புரோகிராம் இன்னொருவரிடம். ரிலேயின் பாஸ்வேர்டு, கமிஷனிங்குக்கு (முதல்முறை செட் பண்ணி ஓட்டிக் கொடுக்க) வந்த இன்ஜினியரின் லேப்டாப்பில். அவர் கம்பெனி மாறியே ரொம்ப நாளாகிறது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் ஆலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். பேனலுக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது கீழ்த்தட்டு ஃபீடர்கள். பழைய பைமெட்டல் ரிலே என்றால் புதிதாக வாங்கி, டயலை நேம்பிளேட் ஆம்பியருக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. இந்தப் புது ரிலேக்களில் அட்ரஸ், பாட் ரேட் (பேசும் வேகம்), பேரிட்டி (பிழை சோதிக்கும் பிட்), ட்ரிப் கிளாஸ் (எவ்வளவு நேரத்தில் ட்ரிப் ஆக வேண்டும் என்பது) எல்லாம் பழையபடி ஏற்றியாக வேண்டும். பேரிட்டி மாறினால் ரிலே பேசாது. இரண்டு ரிலேக்கு ஒரே அட்ரஸ் விழுந்தால் இரண்டும் சேர்ந்து உளறும். செட்டிங் காப்பி கையில் இல்லாவிட்டால் வெண்டர் வரும்வரை ஆலை நிற்க வேண்டியதுதான்.

அதனால் அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: ரெஜிஸ்டர் பட்டியல், ஒவ்வொரு ரிலேயின் செட்டிங் ஃபைல், பி.எல்.சி. புரோகிராம், பாஸ்வேர்டுகள், கேபிள் எந்த வரிசையில் போகிறது, அதன் இரண்டு கடைசியிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்ற வரைபடம். இவை கைக்கு வராமல் கடைசித் தவணையை விடாதீர்கள். ட்ரிப் எண்களைத் திரையில் காட்டுவதும் ஆர்டரில் இருக்கட்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் இந்த நெட்வொர்க்கில் விடாதீர்கள், அதற்குத் தனி வயர்தான்.

அப்புறம், தூரத்திலிருந்தே உள்ளே வந்து பார்க்க வெண்டர் மாட்டிவிட்டுப் போன 4ஜி மோடம். மோட்பஸ் 1979-இல் வந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று விசாரிக்கும் ஏற்பாடே அதன் பழைய வடிவத்தில் கிடையாது. சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. மோடம் எங்கே இருக்கிறது, யார் அதன் வழியாக உள்ளே வருகிறார் என்றே தெரியாதவர் எதைத் தெரிவிப்பார்?

கமிஷனிங் நடக்கும் நாட்களில் உங்கள் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அந்த இன்ஜினியர் பக்கத்திலேயே நிற்கட்டும், ஒரு ரிலேயையாவது தங்கள் கையால் செட் பண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு மின்பராமரிப்புப் பணியாளர்